கறவைப் பசுவும் சுண்ணாம்புச் சத்தும்

(கால்நடை வளர்ப்புப் பயிற்சி முகாமில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய உரை)



நன்றாகக் கறக்கும் பசுவொன்று மூன்றாம் ஈற்றிலோ நான்காம் ஈற்றிலோ சுகமாகக் கன்று ஈனுகிறது. மறுநாள் எழமாட்டாமல் படுத்துவிடுகிறது. காதுகள் சில்லிட்டிருக்கின்றன, கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக்கொள்கிறது, சாணமும் போடுவதில்லை. இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடு இராது. திருஷ்டி என்று கருதி வேப்பிலை அடிப்பதில் பொழுது கழிந்துவிடுவதும் உண்டு. இந்நோயிலோ பொழுதே பெரிது.

பசுவின் கால்கள் ஏன் தளர்கின்றன? தசை சுருங்க வேண்டுமானால், நரம்பின் முனையிலிருந்து அசிடைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் தசையின்மேல் சுரக்க வேண்டும். அது சுரப்பதற்கு வெளியிலிருந்து கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, நரம்பு முனைக்குள் புக வேண்டும். 1883ஆம் ஆண்டில் ரிங்கர் என்னும் ஆங்கில மருத்துவர், தவளையின் இதயம் லண்டன் குழாய் நீரில் செய்த உப்புக் கரைசலில் துடிப்பதையும், வடித்த நீரில் செய்த கரைசலில் ஓய்ந்துவிடுவதையும் கண்டார். குழாய் நீரிலிருந்த சுண்ணாம்பே காரணம். அது இதயத் தசை; கால் தசைக்கு வேண்டிய கால்சியம் அதனுள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. ஆனால் அதனைத் திறந்துவிடும் நரம்பின் ஆணை வந்து சேர வேண்டுமே!

பசுவின் இரத்த நீரில் மொத்தம் 3 கிராம் அளவே கால்சியம் உண்டு. 10 லிட்டர் சீம்பாலோடு ஏறக்குறைய 20 கிராம் வெளியேறுகிறது. எலும்பில் கிலோக்கணக்கில் இருந்தும், அது கரைந்து வரச் சில நாட்கள் ஆகும்.

மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட் மருந்தை இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். விரைவில் ஏற்றச் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள். தசையை எழுப்பும் அதே மருந்து வேகமாகச் சென்றால் இதயத்தை நிறுத்திவிடும். பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்திற்குள் எழுந்துவிடும். மருந்து ஏறும்போதே ஏப்பம் விட்டுச் சாணம் போடுவதும் உண்டு.

இன்னொரு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படுத்த பசுவுக்குக் கைவசமுள்ள ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசியைத் தாமாகவே போட்டுவிடுவோர் இருக்கிறார்கள். இவ்வின மருந்துகள் நரம்பு முனையில் கால்சியம் புகுவதைத் தடுப்பவை. ஏற்கெனவே கால்சியம் குறைந்த பசுவின் தளர்ச்சி இதனால் மேலும் கூடக்கூடும். மூச்சுத் தசைகளும் சோரலாம்.

மருத்துவர் வரும்வரை பசுவை ஒருக்களித்துக் கிடக்க விடாமல், வைக்கோல் மூட்டையை அண்டைக் கொடுத்து மார்பின்மேல் நிமிர்த்தி வையுங்கள். வாயில் கஞ்சியோ எண்ணெயோ சுண்ணாம்புத் தெளிவோ ஊற்றவே கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சினைப் பசுவுக்கு ஈனுவதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கொடுப்பது நன்மை என்று பலர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. தீவனத்தில் அது மிகுந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை வரவழைக்கும் கழுத்துச் சுரப்பி சோம்பிவிடுகிறது. அந்நாட்களில் குதிரைமசாலைக் குறைத்து, ஈன்றபின் தாது உப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எழுந்த பசுவை முதல் நாளில் மடி வற்றக் கறக்க வேண்டாம். கன்றுக்கு வேண்டிய அளவு கறந்தால் போதும். மீண்டும் படுத்துவிட்டால் அன்றே மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள்.