பழைய டைரக்டரியில் நம்ம வீட்டுப் பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம்தான், மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பந்தியும் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதல்லவா? அப்போது 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் தேடி, "அப்பா பேரு எந்தப் பாகத்துல இருக்கு, வரிசை எண் என்ன?" என்று வீட்டுக்கு வீடு அலசினோம். இருபது வருஷத்துப் பட்டியலுக்கே அந்தப் பாடு! நூறு வருஷத்துக்கு முந்திய நம் குடும்பத்தை எங்கே தேடுவது? பேரப்பிள்ளை கேட்டால் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லிவிடுவோம். கொள்ளுப்பாட்டி பெயர்? நம்மில் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பழைய வியாபார டைரக்டரிகளையும் தெருவாரியான முகவரிப் புத்தகங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தத் தெருவில், எந்தக் கதவிலக்கத்தில், யார், என்ன தொழில் என்று அதில் இருக்கும். வருஷா வருஷம் வந்த புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒருவர் எப்போது கடை வைத்தார், எப்போது வீடு மாறினார், எந்த வருஷம் பெயர் மறைந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் உண்டு. சென்னையில் அசைலம் பிரஸ் வெளியிட்ட ஆல்மனாக் ஒன்று. கல்கத்தாவில் தாக்கர் கம்பெனி போட்ட டைரக்டரி மற்றொன்று. வங்காளத்துக்கென்று தொடங்கிய அது, 1885 முதல் இந்தியா முழுமைக்கும் ஆயிற்று. சில தொகுதிகளை இப்போது இணையத்திலேயே படிக்கலாம்.

தேடப் போகிறவர்களுக்கு முதல் குறிப்பு இது. விழுப்புரம் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நம் மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பர் 30-இல்தான். அதற்கு முன் விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காட்டின் தாலுகாக்கள். ஆகவே 'தென்னாற்காடு' என்ற தலைப்பில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, புத்தகத்தின் மேல் போட்ட வருஷத்தை அப்படியே நம்பக் கூடாது. விவரம் சேகரித்து, அச்சுக் கோத்து வெளிவருவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். 1920-ஆம் வருஷப் புத்தகம் பெரும்பாலும் 1919-ஆம் வருஷத்து நிலவரத்தைத்தான் சொல்லும்.

மூன்றாவது, நமக்கே உரிய சிக்கல். 'பேரன்' என்றாலே தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்றுதானே பொருள்! 1890-இல் ஒரு சுப்பராயன், 1940-இல் இன்னொரு சுப்பராயன். ஒரே ஆள் என்று நினைத்தால் தொலைந்தோம். தாத்தாவும் பேரனுமாக இருப்பார்கள். முன்னெழுத்தைப் பாருங்கள், தொழிலைப் பாருங்கள், தெருவைப் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் நம்ம ஆள்.

இவ்வளவும் சொன்னபிறகு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த டைரக்டரிகளில் கலெக்டர் இருப்பார், முன்சீப் இருப்பார், பாதிரியார் இருப்பார், பெரிய கம்பெனிகள் இருக்கும். நம்மைப் போன்றவர்களின் குடும்பங்கள் இருப்பது அபூர்வம். எங்க தாத்தா விழுப்புரத்தில் மணிலாக்கொட்டைத் தரகர். இந்த ஜில்லாவின் பெரிய வியாபாரமே மணிலாதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு டி.எம்.வி. என்றே பெயர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மூட்டையை வாங்கிக் கப்பலேற்றிய கம்பெனிக்குத்தான் டைரக்டரியில் இடம். மூட்டைக்கு விலை பேசிக் கொடுத்த தரகருக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்போது கைகொடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். பழைய கிரயப் பத்திரத்தைவிட நல்ல டைரக்டரி நமக்குக் கிடையாது என்பேன். இன்னார் குமாரர், இன்ன ஊர், இன்ன ஜீவனம் என்று எழுதியிருக்கும். நான்கெல்லை சொல்லும்போது வடக்கே யார் வீடு, கிழக்கே யார் மனை என்று அக்கம்பக்கத்தார் பெயரும் வந்துவிடும். நாலு பத்திரம் சேர்ந்தால் ஒரு தெருவே எழுந்து நிற்கும்! கணினியில் ஏறாத வருஷங்களுக்கு மனுப்போட்டு வில்லங்கம் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித் தேடியதில், திண்டிவனத்தில் 'தாத்தா வீடு' என்று நாங்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த வீட்டின் பத்திரம் கிடைத்தது. கிரயம் பெற்றவர் தாத்தா இல்லை. எங்க பாட்டி! அவர் பெயரை முழுதாக எழுத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். எந்த டைரக்டரியிலும் இல்லாத பெயர். இப்போது எங்கள் வீட்டுக் குழந்தைகள் 'பாட்டி வீடு' என்றுதான் சொல்கின்றன.

பெண்கள் பெயர் விடுபடுவது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிந்துகொண்டார்கள். சுமார் 28 லட்சம் பேர் அதனாலேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்கிறேன். நிலமில்லாத கூலிக்காரருக்கு ஊரில் எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. அவரே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினால் முழு விவரமும் பதிவாகிவிடும். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலுக்குப் போனது. 1911 வரை இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் 1,52,184 பேர். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அங்க அடையாளம் வரை இருக்கும். போனவரின் கொள்ளுப்பேரன் டர்பனில் உட்கார்ந்து கிராமத்தின் பெயரைச் சொல்லுகிறான். இங்கே இருந்துவிட்ட தம்பி வழியினருக்கு அப்படி ஒருவர் போனதே தெரியவில்லை!

புதுச்சேரியில் உறவுள்ளவர்கள் பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளையும் பாருங்கள். 1881-ஆம் வருஷத்து உத்தரவின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அங்கே பெயர் மாறும் இடத்தைக் கவனிக்காவிட்டால் நூல் அறுந்துவிடும்.

மணியை எடுத்துவிட்டார் செயலாளர். ஒரே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் உறுப்பினர் முகவரிப் பட்டியல் வரப்போகிறது. அதுவும் ஒரு டைரக்டரிதான். ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பேத்தி அதைப் புரட்டுவாள். உங்களிடம் வந்திருக்கும் படிவத்தில் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். பூர்வீக ஊர், தகப்பனார் செய்த தொழில் இவற்றையும் எழுதுங்கள். கல்யாணத்துக்குப்பின் பெயர் மாறிய சகோதரிகள் கல்லூரியில் இருந்த பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இடம் போதாவிட்டாலும் பரவாயில்லை, ஓரத்திலாவது உங்கள் தாயாரின் பெயரை எழுதுங்கள். அச்சுக்கோக்கும்போது அதற்கு இடம் ஒதுக்குவதாகச் செயலாளர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால், இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பாட்டி பேரு என்ன?" என்று கேட்டுவிடுங்கள். பத்திரம் காத்திருக்கும்; அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.