வெர்சேல்ஸ் தோட்டத்துத் தண்ணீர்

(திருவெண்ணெய்நல்லூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரண்மனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், ராஜா ராணி கதையல்ல, தண்ணீர்க் கதை.

1787 ஜூலையில் நம் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர். ஆங்கிலக் கும்பினியை விரட்ட பிரெஞ்சுக்காரனிடம் படை கேட்கப் போனார்கள். கைத்தொழிலாளர்களையும், தோட்டத்துக்கு விதைகளையும்கூடக் கேட்டுவரச் சொல்லியிருந்தான் திப்பு. 1788 ஆகஸ்ட் 10-ந் தேதி வெர்சேல்ஸ் அரண்மனையில் 16-ம் லூயி அவர்களுக்குப் பேட்டியளித்தான். உபசாரம் தடபுடல். படை மட்டும் கிடைக்கவில்லை!

அந்த அரண்மனையைப் பெரிதாகக் கட்டியவன் 14-ம் லூயி. நூல் பிடித்தாற்போல் பாதைகள், கத்தரித்து நிறுத்திய மரங்கள், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வாய்க்கால், எங்கு பார்த்தாலும் நீரூற்றுகள். எல்லாம் சரி, தண்ணீருக்கு எங்கே போவது?

ஏற்றம் இறைத்தவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஸீன் நதியில் 14 ராட்சதச் சக்கரங்களை வைத்தார்கள். அவை 200-க்கு மேற்பட்ட பம்புகளை இயக்கித் தண்ணீரைச் சுமார் 160 மீட்டர் உயரத்துக்குத் தள்ளின. 1684-ல் வேலை முடிந்தது. பம்பு ஓட்டும் ஆலைத் தோழர்களே, அந்தக் காலத்தில் இது சாமானியத் தொழில்திறமையா? அப்படியும் எல்லா ஊற்றுகளுக்கும் தண்ணீர் போதவில்லை. மன்னன் நடந்து வரும்போது ஆட்கள் சீட்டியடிப்பார்கள். அந்தப் பக்கத்து ஊற்றைத் திறப்பார்கள். அவன் தாண்டியதும் மூடுவார்கள். நம் ஊரிலும் முறைத் தண்ணீர் உண்டு. அங்கே முறை ஒரே ஆளுக்கு!

அதோடு நிற்கவில்லை. 1685-ல் தொலைவிலிருந்த யூர் நதியையே தோட்டத்துக்குத் திருப்பப் பட்டாளத்தாரை மண் வெட்டவிட்டான். பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். காய்ச்சலில் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். 1688-ல் யுத்தம் வந்தது, வேலை நின்றது. ஒரு சொட்டுகூட வரவில்லை. மேந்தனோனில் அரைகுறை வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

தூதர்கள் பிரான்சில் இருந்த அதே கோடையில், 1788 ஜூலை 13-ல், ஆலங்கட்டி மழை பாரிஸ் வட்டாரத்துப் பயிரை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு ரொட்டி விலை கூலிக்காரன் வாயில் மண்ணைப் போட்டது. 1789 அக்டோபர் 5-ல் பாரிசின் அங்காடிப் பெண்களும் உழைப்பாளிப் பெண்களும் ஆயிரக்கணக்கில், மழையில் நனைந்துகொண்டே வெர்சேல்ஸுக்கு நடந்தார்கள். ரொட்டி கேட்டார்கள். மறுநாள் மன்னனையும் ராணியையும் பாரிசுக்கு அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஊர்வலத்தில் மாவு வண்டிகளும் வந்தன. 16-ம் லூயி பிறகு அந்தத் தோட்டத்தைப் பார்க்கவேயில்லை.