ஹங்கேரியத் தாயின் அடுக்களை



ஹங்கேரி, தன்யூப் ஆறு பாயும் சமவெளி நாடு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு விளைநிலத்தின் பெரும்பகுதி நிலக்கிழார்களிடமே இருந்தது. ஆதலின் 1914ஆம் ஆண்டுப் பெரும்போருக்கு முன்னரே பல இலட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். சில ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டி, ஊர் திரும்பி நிலம் வாங்குவதே அவருட் பலரின் எண்ணம். ஆடவர் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கிளீவ்லாந்து நகரின் ஆலைகளிலும் அமர்ந்தனர். பின்னால் சென்ற அவர்தம் மனைவியரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கணவன் கூலி குடும்பத்துக்குப் போதாது. ஆகவே மனைவி, தனியே வந்திருந்த தன் நாட்டவர் அறுவரையோ எண்மரையோ, சில வீடுகளில் பதின்மருக்கு மேற்பட்டவரையோ, தன் சிறு வீட்டில் தங்கவைத்துச் சோறிட்டாள். பகல்முறை வேலைக்காரன் எழுந்த கட்டிலில் இரவுமுறை முடித்தவன் வந்து படுப்பான். படுக்கைக்கும் ஓய்வில்லை, அவளுக்கும் இல்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ஒவ்வொருவனுக்கும் உணவுத்தூக்கு நிரப்புவாள். முற்றத்துக் குழாயிலிருந்து நீர் சுமந்து, கரி படிந்த துணிகளைக் கொதிக்கவைத்துக் கசக்குவாள். இதற்கிடையே தன் மக்களைப் பெற்றதும் வளர்த்ததும்! இத்தகையவளை அவர்கள் ‘பூர்தோஷ் அஸ்ஸொனி’ என்றனர். உண்டியும் உறையுளும் குறிக்கும் ‘போர்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் மொழியில் குழைத்துக்கொண்ட பெயர் அது. அஸ்ஸொனி என்பது இல்லாளைக் குறிக்கும்.

ஆயினும் 1910ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில், தன் வீட்டு வேலையை ஊதியமின்றிச் செய்யும் பெண்ணின் தொழிற்கட்டத்தில் ‘ஏதுமில்லை’ என எழுதுமாறு கணக்கெடுப்போருக்குக் கட்டளை இருந்தது. விருந்தினரை வைத்துப் பிழைப்பதே முதன்மை வருவாயாக இருந்தாலன்றி அதுவும் தொழிலாகாது. கணக்கனுக்குப் பொருள் விளங்கவில்லை போலும்!

அவள் பெயரும் அவ்வாறே மறைந்தது. ஹங்கேரிய வழக்கில் குடிப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். மணமான பெண்ணோ அக்காலத்தில் கணவன் பெயரின் ஈற்றில் ‘நே’ என்னும் விகுதி பெற்றாள். கோவாச் யானோஷ் என்பானின் மனைவி கோவாச் யானோஷ்நே; அவளுடைய இயற்பெயர் அதில் இல்லை.

1907 டிசம்பர் 19ஆம் நாள் பென்சில்வேனியாவின் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் மாண்டனர். மாண்டவருள் ஹங்கேரியர் பலர். இத்தகைய சாவுகளால் கைம்பெண்ணானவளுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே: மீண்டும் கட்டில்களை விரித்து, பிறருக்குச் சமைத்தாள்.

ஊர் திரும்பும் கனவும் பலருக்குக் கைகூடவில்லை. 1920இல் திரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் பெரும்பகுதியை இழந்தது; பலருடைய பிறந்த ஊர்கள் அயல்நாடுகளுக்குள் அடங்கின. 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஹங்கேரியர்க்கு ஓராண்டில் 473 இடங்களே ஒதுக்கியது. தங்கையை வரவழைக்கும் வழியும் அருகிற்று.

பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்றனர். தாயோ அடுக்களையைவிட்டு வெளியேற நேரமின்றித் தன் மொழியிலேயே நின்றாள். கடைக்குப் போகையில் எட்டு வயது மகள் உடன் வந்து, தாய் கேட்பதை ஆங்கிலத்திலும் கடைக்காரன் சொல்லும் விலையை ஹங்கேரியத்திலும் மாற்றிச் சொல்வாள். காசை எண்ணிக் கொடுப்பவள் மட்டும் தாயே.