பழைய கோச்சியைப் பேணுதல்

யாழ்ப்பாணத்து முதியவர் எவரும் புகையிரதத்தைப் புகையிரதம் என்று சொல்வதில்லை. கோச்சி என்றுதான் சொல்வர். ‘காலைக் கோச்சி போய்விட்டது’ என்றால் தோட்டத்தில் நிற்பவருக்கு நேரம் தெரிந்துவிடும்; துலா மிதிப்பவரும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் தத்தம் வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வர். கடிகாரம் இல்லாத வீடுகளுக்குக் கோச்சியின் கூவலே கடிகாரமாக இருந்த காலம் அது. அந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. அது குறித்த பழைய வண்டியோ பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறைந்த வண்டியை நினைவில் வைத்திருப்பதும், எஞ்சியவற்றைப் பேணுவதும் எதற்காக என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குடாநாட்டில் புகையிரதம் முதன்முதல் ஓடியது 1902ஆம் ஆண்டில். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரையில் அந்த முதற்பாதை அமைந்தது. கொழும்போடு தொடர்பு ஏற்படுவதற்கு முன்னரே குடாநாடு தனக்குள்ளே ஒரு புகையிரதப் பாதையைப் பெற்றுவிட்டது என்பது பலர் அறியாத செய்தி. வன்னிக் காடுகளை ஊடறுத்துப் பாதை முழுமை பெற்று, கொழும்பிலிருந்து நேராக வண்டி வரத் தொடங்கியது 1905இல். அதன் பிறகு யாழ்ப்பாணத்து வாழ்வின் போக்கே மாறியது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தெற்கே சென்றன. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனங்கட்டியும் உறவினர் வீடுகளுக்குப் பயணம் செய்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்ட பின்னர் சீமெந்தும் தண்டவாளத்தின் மீதே சென்றது.

பண்டங்களைக் காட்டிலும் மிகுதியாகச் சென்றவர்கள் மனிதர்களே. நிலம் குறுகியது, நீர் கிணற்றளவே. ஆகவே கல்வியைக் கைப்பொருளாகக் கொண்டு இளைஞர் கொழும்புக்குச் சென்று எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் நில அளவையாளராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் அமர்ந்தனர். வெள்ளிக்கிழமை இரவு தபால் வண்டியில் ஏறி விடியலில் ஊர் சேர்ந்து, ஞாயிறு மாலை மீண்டும் மூட்டையோடு நிலையத்துக்கு வந்த குடும்பத் தலைவர்கள் எத்தனையோ பேர். மனைவி மக்கள் ஊரில், உத்தியோகம் தலைநகரில் என்று அமைந்த அந்த வாழ்வைத் தாங்கி நின்றது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீண்ட இருப்புப்பாதை. 1956இல் யாழ்தேவி என்னும் விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராக இருந்தவர் பி. டி. இரம்பலா. ஒரு வண்டிக்கு ஊரின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் சேர்த்து இட்டதனால் அது மக்களின் வீட்டுப் பிள்ளை போல ஆகிவிட்டது.

அக்காலத்துப் பெட்டிகளைக் கண்டவர் அவற்றை மறவார். மரத்தாலான வாங்குகள், இழுத்து இறக்கும் சன்னல் பலகைகள், கையால் திறந்து கையாலேயே சாத்தும் கதவுகள். வண்டி புறப்படும் வேளையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் அறைந்து மூடப்படும் ஓசை, வழியனுப்ப வந்தவர்களுக்குப் பிரிவின் ஓசையாக இருந்தது.

இத்தகைய கதவுகளுக்குப் பெயர்பெற்ற நாடு இங்கிலாந்து. இலண்டனின் தெற்குப் புறநகர்களுக்கு ஓடிய மின்சார வண்டிகளில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கதவு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் சில வினாடிகளில் இறங்கிவிடலாம். அது பெரும் வசதி. ஆனால் வண்டி நிற்பதற்கு முன்னரே கதவைத் திறந்து விழுந்து மாண்டவரும் உண்டு. 1988 டிசம்பரில் கிளாப்பம் சந்திப்பில் நிகழ்ந்த மோதலில் 35 பேர் உயிரிழந்தனர். பழைய பெட்டிகளின் உடற்கூடு மோதலைத் தாங்கும் வலிமை குறைந்தது என்னும் கவலை அதனால் வலுத்தது. 2005ஆம் ஆண்டின் முடிவில் அவ்வண்டிகள் முதன்மைப் பாதைகளிலிருந்து விலக்கப்பட்டன. விலக்கியது சரியே. பழையது என்பதற்காக மட்டும் ஒன்றைப் போற்றினால், அதனால் துன்புற்றவரை மறந்தவர் ஆவோம்.

ஆயினும் அந்நாட்டு ஆர்வலர் சிலர் அவ்வண்டிகளுள் சிலவற்றைப் பேணி வைக்க முன்வந்தனர். அங்கே ஓர் எதிர்பாராத இடர் தோன்றியது. அவை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் பெற்று ஓடுபவை. பழைய வண்டிகளைப் பேணும் தனிப்பாதைகளிலோ அத்தகைய மின்தடம் இல்லை. எனவே வேறோர் இயந்திரம் முன்னே நின்று இழுத்தாலன்றி அவை நகரா. வண்டி இருக்கிறது, அது தன் வலிமையால் ஓடுவதற்குரிய பாதை இல்லை. ஒரு பொருளைக் காப்பாற்றினால் போதாது, அது வாழ்ந்த சூழலையும் காப்பாற்ற வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது இதனினும் கொடியது. 1990 சூன் மாதத்தோடு குடாநாட்டுக்கான புகையிரதச் சேவை நின்றது. போரின் ஆண்டுகளில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதையின் மேட்டில் பற்றை மண்டியது. நிலையங்கள் கூரை இழந்து சுவராக நின்றன. இடம்பெயர்ந்தோர் சிலவற்றில் குடியிருந்தனர். வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டமையால், மாவிட்டபுரத்தையும் காங்கேசன்துறையையும் சேர்ந்த மக்கள் தங்கள் நிலையத்தைக் கண்ணால் காணவும் இயலாதவராயினர்.

போர் முடிந்த பின்னர், இந்திய அரசின் கடனுதவியோடு இந்திய நிறுவனமான இர்கான் பாதையைப் புதிதாக அமைத்தது. பளையிலிருந்து காங்கேசன்துறை வரையிலான 56 கிலோமீட்டரும் அதனுள் அடங்கும். 2014 அக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. இடையில் கழிந்தவை இருபத்துநான்கு ஆண்டுகள். அக்காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று, கோச்சி என்னும் சொல்லைப் பாட்டியின் வாயால் கேட்டதே அன்றி, தன் ஊரில் அதனைக் கண்டதில்லை. நிலையத்து மேடையில் அன்று கூடிய கூட்டத்தில் முதியவர் அழுதனர், இளைஞர் வியந்தனர். ஒரே வண்டியை இரு தலைமுறையினர் இரு வேறு கண்களால் பார்த்தனர்.

புதிய பாதை நல்லது, விரைவானது. அதில் ஓடும் வண்டிகளும் புதியவை. ஆனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று ஒவ்வொரு நிலையத்தையும் சூழ்ந்து வளர்ந்த நினைவைக் கடன் கொடுத்து எவரும் கட்டித்தர இயலாது. 1990இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அன்று நிலைய அதிபராகவும் சாரதியாகவும் கடவைக் காவலராகவும் பணிபுரிந்தோர் அவர்களினும் மூத்தவர். பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் போன பின்னர் கேட்பதற்கு ஆளிராது.

ஆகவே செய்யத்தக்கவை சில உண்டு. கண்டிக்கு அருகே கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும் பெட்டிகளும் அங்கே இடம்பெற்றன. அதைப் போன்று சிறிய அளவில், குடாநாட்டின் நிலையம் ஒன்றில், கழிக்கப்படும் பழைய பெட்டி ஒன்றை நிறுத்திவைக்கலாம். அதன் வாங்கில் பிள்ளைகள் அமர்ந்து பார்க்கட்டும். அதன் கதவைத் தாமே சாத்திப் பார்க்கட்டும். பெட்டியின் உள்ளே, வீடுகளில் எஞ்சியிருக்கும் தடித்த அட்டைப் பயணச்சீட்டுகள், நேரசூசிகை, கைவிளக்கு, கொடி, நிழற்படம் ஆகியவற்றை வைக்கலாம். பல இடப்பெயர்வுகளின் பின்னும் எஞ்சிய ஒரு சீட்டு, பெரிய இயந்திரத்துக்கு ஈடான சான்றாகும்.

இவற்றுக்குப் பணமும் இசைவும் வேண்டும். அவை வரும்வரை காத்திராமல் செய்யத்தக்க பணி ஒன்று பள்ளிக்கூடங்களிடம் இருக்கிறது. மீசாலையிலும் கொடிகாமத்திலும் மல்லாகத்திலும் தெல்லிப்பழையிலும் படிக்கும் மாணவர், தம் ஊர் நிலையத்தைப் பற்றித் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதலாம். முதற்பயணம் எப்போது? யாரை வழியனுப்பினீர்கள்? கடைசி வண்டி போன நாளில் எங்கே நின்றீர்கள்? இம்மூன்று கேள்விகளே போதும். விடைகளில் இனிமையும் இருக்கும், இழப்பும் இருக்கும். போன மகன் திரும்பாத வீட்டில் கேள்வியைப் பணிவோடு கேட்கவும், வேண்டியபோது கேளாமல் விடவும் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். அதுவும் கல்வியே.

இன்று மாலை வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பின், அவர் பக்கத்தில் ஒரு பிள்ளையை அமர்த்துங்கள். கோச்சியைப் பற்றி ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். மிகுதியை அவரே சொல்லுவார். பிள்ளை அதனை ஒரு கொப்பியில் எழுதி, நாளும் பெயரும் குறித்து வைக்கட்டும்.