ஒளியால் அளத்தல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண் வைத்தியரான நான் இன்று பௌதிகவியலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உயர்தர வகுப்பில் பரீட்சைக்காகப் படித்த ஒளித் தலையீடு இன்று எங்கள் அம்மாமாரின் பார்வையைக் காக்கிறது.

மைக்கல்சன் காட்டிய வழி எளிமையானது. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அசையாத ஆடிக்கும் மற்றதை நகரும் மேடையில் பொருத்திய ஆடிக்கும் அனுப்ப வேண்டும். திரும்பிவரும் இரண்டும் சேரும்போது ஒளிர், இருள் பட்டிகள் தோன்றும். 633 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஈலியம்-நியோன் லேசரில், மேடை அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு பட்டி கடந்துபோகும். ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,160 பட்டிகள். எண்ணினால் தூரம் தெரியும். கணினிச் சில்லுகளை உருவாக்கும் இயந்திரங்களின் மேடைகளும் இம்முறையில் அளக்கப்படுகின்றன. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்களவு பிசகிவிடும். அவ்வளவு நுட்பம்!

வெண்புரையை அகற்றிய பின் கண்ணுள் வைக்கும் வில்லையின் வலுவைத் தெரிவுசெய்ய, கண்ணின் நீளம் தெரியவேண்டும். அது சராசரியாக 24 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் பார்வை ஏறத்தாழ இரண்டரை டயொப்டர் பிழைக்கும். முன்பு மீயொலிக் கருவியைக் கண்ணில் தொட்டு அளந்தோம். சற்றே அழுத்தினாலும் கண் நீளம் குறைந்ததாகக் காட்டும். நோயாளிக்குத் தூரப் பார்வை மங்கலாகும்.

1999 அளவில், தொடாமலே தலையீட்டால் அளக்கும் கருவி வந்தது. விழிவெண்படலத்திலும் விழித்திரையிலும் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை ஒப்பிட்டு, உள்ளே ஓர் ஆடி நகரும். அது நகர்ந்த தூரத்திலிருந்தே கண்ணின் நீளம் கணிக்கப்படுகிறது. ஆனால் வெண்புரை மிக முற்றினால் ஒளி உட்செல்லாது. மீண்டும் மீயொலியையே நாடவேண்டும். ஆகவே, "இன்னும் கொஞ்சம் முற்றட்டும்" என்று வீட்டிலுள்ள முதியவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இன்னுமொரு வேண்டுகோள். ஒரு சிறு லேசர், ஒளியைப் பிரிக்கும் ஒரு கண்ணாடி, இரண்டு ஆடிகள், அதிராத ஒரு மேசை: இவை போதும், எமது ஆய்வுகூடத்தில் மாணவிகள் இப்பட்டிகளைத் தாமே எண்ணுவதற்கு. கல்லூரிக்கு உதவ எண்ணும் சகோதரிகள் ஆய்வுகூடத்தையும் நினைவில் வையுங்கள். தன் கையால் அளந்து பார்த்த பிள்ளை எந்தத் துறைக்குப் போனாலும் அளவைச் சரிபார்க்காமல் நம்பமாட்டாள்.