செஞ்சியில் ஓர் இரவு: மாநாட்டுத் தலைமை உரை

என்னினும் மூத்த ஆய்வாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, தலைமை நாற்காலி எனக்கு வந்திருக்கிறது. திண்டிவனத்து நண்பர்களின் அன்பைத் தட்ட முடியவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான்.

விழுப்புரம் மாவட்டக் கோட்டைகள் என்பது நமக்குத் தந்த பொருள். பெருமுக்கல் பற்றியும், 2025இல் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமானது பற்றியும் கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள். நான் ஒரே ஓர் இரவைப் பற்றிப் பேசுகிறேன்.

1750 செப்டம்பர். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் எட்டாண்டு முற்றுகையிட்டுப் பிடித்த செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் பிடித்தார்கள். முன்னணியில் நின்றவர் புஸ்ஸி. புதுச்சேரியில் வீதிப் பெயராக நிற்பவர். பின்னாளில் ஐதராபாத்தில் நிஜாம் சலாபத் ஜங்குக்குப் படைத்துணையும் ஆலோசகருமாக இருந்தவர். 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர். செஞ்சியில் அந்த இரவு கீழ்க்கோட்டைக் கதவை வெடிவைத்துப் பிளந்து உள்ளே பாய்ந்தார். தெருவுக்குத் தெரு கைகலப்பு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றிலிருந்தும் பீரங்கியும் துப்பாக்கியும் வாணங்களும் ஊருக்குள் பொழிந்தன. அதைத் தாங்கி நின்று, நிலா மறைந்தபின் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. புஸ்ஸியின் வீரத்தை நான் மறுக்கவில்லை.

மறுப்பது, இந்த வெற்றிக்கு ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் சொன்ன காரணத்தை. தாக்குதல் பகலில் நடந்திருந்தால் கோட்டை விழுந்திராது என்கிறார் அவர். இரவுத் தாக்குதல் என்றால் இந்நாட்டார் கதிகலங்கிப் போவார்கள் என்பது அவர் தீர்ப்பு. செஞ்சி வீழ்ந்தபோது அவர் வங்காளத்தில் கும்பினி ஊழியர். சென்னை ஆலோசனை சபைக்கு வந்தது 1754இல். இதை எழுதிய அவரது வரலாற்று நூலின் முதல் பகுதி அச்சானது 1763இல். ஆனாலும் அந்த வாக்கியம் நம் பாடநூல் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த அவையிலேயே அதை எடுத்தாண்ட நண்பர்கள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களே சிரிக்கிறார்கள்.

புஸ்ஸி கொண்டுவந்த முன்படையில் ஐரோப்பியர் சுமார் 250 பேர். சிப்பாய்கள் 1,200 பேர். இருட்டு இந்நாட்டாரை முடக்கும் என்றால் இந்த ஆயிரத்து இருநூறு பேரை ஏன் முடக்கவில்லை? காவலரை முடக்கியது வேறு. அம்மாதத் தொடக்கத்தில்தான் ஆங்கிலேயர் ஆதரித்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் படை திருவதிகையில் சிதறியிருந்தது. தோற்று ஓடிவந்தவர்கள்தான் செஞ்சியில் குவிந்திருந்தார்கள். சுல்பிகர் கானை எட்டாண்டு காக்கவைத்த மராட்டியக் காவல் அல்ல அது. மதில் அதேதான், ஆள்தான் வேறு.

ஓர்முக்குப் பின், 1868இல் இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் வரலாற்றை எழுதிய மாலிசனுக்கோ புஸ்ஸி நாயகன். தளபதி தொத்தேய் முழுப்படையோடு பின்னால் வந்து சேர்ந்ததுகூட அவர் நடையில் மங்கிப்போகிறது. சிப்பாய்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிற்பகல் அமர்வில் என்னை மறுக்க ஒரு நண்பர் குறிப்புகளோடு வந்திருக்கிறார் என்று அறிகிறேன். வரவேற்கிறேன். முதலில் அந்த 1,200 பேருக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, பிறகு ஓர்முக்கு வரட்டும்.