ஒலி செல்லும் வழி

கணினி எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் மட்டும் உரிய கருவியாக இருந்த காலம் போய்விட்டது. இன்று பாடசாலை விழாவிலே நடனத்துக்குரிய இசையை வழங்குவதும் அதுவே. கோயில் மண்டபத்திலே சொற்பொழிவைப் பதிவு செய்வதும் அதுவே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபின், ஆசிரியரின் குரலை மாணவரின் வீட்டுக்குக் கொண்டுசென்ற கருவிகளுள் ஒன்றும் அதுவே. இப்பணிகளின் பொருட்டு ஒலிவாங்கி, அம்பிளிபயர், மிக்சர் முதலிய கருவிகள் அதனோடு இணைக்கப்படுகின்றன. இணைத்த மாத்திரத்தே ஒலி நின்றுவிடுதலும், இடையறாத உறுமல் எழுதலும் அடிக்கடி நிகழ்வன. உடனே, "கணினி பழுதாகிவிட்டது" என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. பெரும்பாலும் அத்தீர்ப்புத் தவறானது.

நீர் பாயாத வயலைக் கண்ட கமக்காரன் கிணற்றைக் குறை கூறுவதில்லை. அவன் வாய்க்கால் வழியே நடந்து, நீர் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்கிறான். ஒலிக்கும் அத்தகைய வழி ஒன்று உண்டு. கணினியிலுள்ள மென்பொருளிலிருந்து புறப்பட்டு, கணினியின் குதையை அடைந்து, வயரைக் கடந்து, அம்பிளிபயருட் புகுந்து, ஒலிபெருக்கி வாயிலாகச் செவியை அடைகிறது. அது தடைப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதே முதற் கடமை.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். புதிதாக இணைத்தவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலே பாட்டுக் கேட்கிறதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். கேட்குமாயின் மென்பொருள் குற்றமற்றது. பின்னர் அதே வயரைக் கைத்தொலைபேசி போன்ற வேறொரு கருவியிற் செருகிப் பார்த்தல் வேண்டும். அப்போது மண்டபத்தில் ஒலி கேட்குமாயின், வயரும் அம்பிளிபயரும் குற்றமற்றவை. எஞ்சியிருப்பது அவ்விரு பாதிகளும் சந்திக்கும் இடமே.

அவ்விடத்திற் பெரிதும் காணப்படும் காரணம், கணினி தன் ஒலியை வேறு திசைக்கு அனுப்பிக்கொண்டிருத்தலாகும். யு.எஸ்.பி. வழியாக ஒலிவாங்கியோ மிக்சரோ இணைக்கப்பட்டால், கணினி அதனைப் புதியதோர் ஒலிக்கருவியாகக் கருதித் தன் ஒலியை அதன்பால் திருப்பிவிடக்கூடும். எச்.டி.எம்.ஐ. வடமும் அத்தகையதே. அது படத்தை மட்டுமன்றி ஒலியையும் கொண்டுசெல்வது. ஆதலின் புரொஜெக்டரை இணைத்ததும் மண்டபம் மௌனமாகிவிடுவது உண்டு. விண்டோஸ் கணினியிலே, திரையின் அடியிலுள்ள ஒலிபெருக்கிக் குறியின் வழியே சென்று, ஒலி சேரவேண்டிய கருவியைத் தெரிவு செய்யலாம். சூம் போன்ற செயலிகள் தமக்கெனத் தனித் தெரிவு வைத்திருப்பன; அதனையும் நோக்குதல் வேண்டும். ஒலிவாங்கி மட்டும் செயற்படாதிருப்பின், அதனைப் பயன்படுத்தச் செயலிக்கு அனுமதி உண்டா என்பதைக் கணினியின் அந்தரங்க அமைப்புகளிற் காணலாம்.

அடுத்து ஆராயவேண்டியது செருகி. மேசைக்கணினிகள் பலவற்றின் பின்புறத்தில் மூன்று நிறக் குதைகள் உள்ளன. பச்சை, ஒலி வெளியேறும் வாயில். இளஞ்சிவப்பு, ஒலிவாங்கிக்கு உரியது. இளநீலம், பிற கருவிகளின் ஒலி உட்புகும் வாயில். மடிக்கணினிகள் பலவற்றிலோ 3.5 மில்லிமீற்றர்க் குதை ஒன்றே உண்டு. அது நான்கு தொடுகைகள் கொண்ட செருகிக்காக அமைந்தது. மூன்று தொடுகைகளே கொண்ட சாதாரண ஒலிவாங்கியை அதிற் செருகினால் கணினி அதனை அறியாது. இரண்டு கிளையாகப் பிரியும் இணைப்பு வயர் ஒன்று இடையே வேண்டும்.

சில வேளைகளில் வாத்தியங்கள் கேட்கும். பாடகரின் குரல் மட்டும் மறைந்துவிடும். இதிலும் மாயம் இல்லை. குரல் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் ஒரே அளவாகப் பதியப்படுவது வழக்கம். செருகி முழுவதும் உட்செல்லாது, இருபுறத்துக்கும் பொதுவான தொடுகை விடுபட்டால், இரு புறங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே கேட்கும். சமமாக இருந்த குரல் ஒன்றையொன்று அழித்துவிடும். செருகியை இறுதிவரை அழுத்துவதே இதற்குப் பரிகாரம். அதன் பின்னும் குரல் வாராதாயின் வயரை மாற்றுதல் வேண்டும்.

ஒலி மிக மெலிந்தோ கரகரத்தோ கேட்குமாயின், குற்றம் அளவிலே உள்ளது. ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ற்று அளவான மெல்லிய மின். மிக்சரின் வெளிவாயில் தருவது அதனினும் பன்மடங்கு வலியது. மிக்சரை ஒலிவாங்கிக் குதையிற் செருகினால் ஒலி சிதையும். ஒலிவாங்கியை மற்றைக் குதையிற் செருகினால் ஒலி கேட்பதே அரிது. ஒவ்வொன்றும் தனக்குரிய வாயிலிற் புகுதல் வேண்டும்.

இனி, உறுமல். இலங்கை வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. செக்கனுக்கு 50 சுற்று. கணினி ஒரு சுவர்க்குதை வழியாகவும், அம்பிளிபயர் தொலைவிலுள்ள மற்றொரு சுவர்க்குதை வழியாகவும் புவியோடு தொடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் ஒலி வயர் இணைக்கும்போது ஒரு வளையம் உண்டாகிறது. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தையும் அம்பிளிபயர் ஒலியென எண்ணிப் பெருக்கிவிடுகிறது. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி, பற்றரியில் இயக்கும்போது உறுமல் நிற்குமாயின், காரணம் மின்னேற்றியின் வழியாகவே வருகிறது எனத் துணியலாம். இரு கருவிகளையும் ஒரே சுவர்க்குதையிலிருந்து இயக்குதல் ஒரு பரிகாரம். ஒலி வயரின் இடையே சிறு பிரிப்பு மின்மாற்றியைச் சேர்த்தல் மற்றொன்று.

சிலர் கையாளும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. மூன்று முனைச் செருகியின் புவித்தொடுப்பை அறுத்துவிட்டால் உறுமல் அடங்குவது உண்மையே. ஆனால் அடங்குவது உறுமல் மட்டுமன்று, காவலும் நீங்கிவிடுகிறது. கருவியின் உலோகப் பெட்டியில் மின் கசியும்போது அதனைப் புவிக்குக் கொண்டுசென்று, பியூசும் ட்ரிப் சுவிச்சும் மின்னைத் துண்டிக்கச் செய்வது அந்தப் பாதையே. அது இல்லாதவிடத்து மின் செல்லும் பாதை, ஒலிவாங்கியைப் பிடித்து நிற்பவரின் உடலாகும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகர மேடையொன்றிலே, லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் சரியான புவித்தொடுப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார். பாடசாலை மேடையில் ஒலிவாங்கியைப் பிடிப்பது குழந்தையின் கை என்பதை எவரும் மறத்தலாகாது. உறுமலோடு விழா நடந்தாலும் பாதகமில்லை. புவித்தொடுப்பை அறுத்தல் எக்காரணத்தாலும் தகாது.

முடிவாக ஒழுங்கு ஒன்று கூறலாம். இணைப்பதற்கு முன் அம்பிளிபயரின் ஒலியளவைக் குறைத்துவிடுக. கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. நான்கினை ஒருசேர மாற்றினால், எது குற்றம், எது பரிகாரம் என்பது விளங்காது. சரியாக அமைந்தபின், எந்த வயர் எந்தக் குதையில் உள்ளது என்பதனை ஒரு தாளில் எழுதிக் கருவியோடு வைத்துவிடுக. இவற்றையெல்லாம் விழாவுக்கு முதல் நாளே செய்து முடிப்பாராயின், மறுநாள் எவரும் கணினியைக் குறைகூற வேண்டியதில்லை.